கோடு எங்க இருக்கு? மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லையைத் திருத்துறது பத்தி

#1 பாசிக்காரி மகள்

எங்க பெரியம்மா கடல்பாசி எடுக்கிறவங்க, வயசு அறுபத்தி நாலு. பள்ளிக்கூடம் அதிகம் போகல. ஆனா எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி, எந்தப் பக்கம் கட்டக்கோரைப் பாசின்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாங்க. போன அமாவாசைத் தண்ணிக்கு வள்ளத்துல ஆறு பொம்பளைங்க போனாங்க. தீவுல யாரும் ஏறல. இடுப்பளவுத் தண்ணியில நின்னு எடுத்துக்கிட்டு இருந்தப்ப வனத்துறை போட்டு ஒண்ணு வந்து, "பார்க்குக்குள்ள நிக்கிறீங்க, கெளம்புங்க"ன்னு சொல்லியிருக்காங்க. பெரியம்மா திருப்பிக் கேட்டது: "தம்பி, கோடு எங்க இருக்குன்னு காட்டு. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிறேன்." போட்டுல நின்ன பையன் கையை நீட்டிக் கடலை ஒரு சுத்து சுத்திக் காட்டினானாம்.

இப்ப டீக்கடையில ஒரு பேச்சு ஓடுது. எல்லையை மறுபடி அளந்து திருத்தணும்னு நாமளே மனு குடுக்கலாம்னு சிலர் சொல்றாங்க. குடுத்தா நல்லதா, வினையா? சட்டம் தெரிஞ்சவங்க, கடல் தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் சொல்லுங்க.

#2 சங்குகுளி பேரன்

அக்கா, கோடு இருக்கு. தண்ணி மேல இல்ல, தண்ணிக்குள்ள இருக்கு. தீவைச் சுத்தி, கரையைப் பார்த்த பக்கம் மூணரை பாகம், வெளிக்கடலைப் பார்த்த பக்கம் அஞ்சு பாகம். அந்த ஆழம் வரைக்கும் பூங்கா.

பாகம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ரெண்டு கையையும் விரிச்சா இந்த விரல்நுனியிலருந்து அந்த விரல்நுனி வரைக்கும். வெள்ளைக்காரன் அதை ஆறடின்னு நிறுத்திட்டான். எங்க தாத்தாவுக்கு ஆறடிக்கு மேல வரும். எனக்கு அஞ்சே முக்கால். என் கையால அளந்தா பூங்கா கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும்.

#3 கோர்ட்டு வாசல்

மூணரை பாகம்னா 6.4 மீட்டர். அஞ்சு பாகம்னா 9.1 மீட்டர். அதனால பெரியம்மா கேள்விக்குப் பதில் கசப்பா இருந்தாலும் சொல்லிடறேன். தீவை ஒட்டி இடுப்பளவுத் தண்ணியில நின்னாங்கன்னா உள்ளதான் நின்னாங்க. அந்தப் பையன் கை சுத்தினது தப்பில்ல, விளக்கத் தெரியல, அவ்வளவுதான்.

தாள் என்ன சொல்லுதுன்னு வரிசையாப் பார்ப்போம். 1986 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போட்டுச்சு. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 35(1). பாம்பன் பக்கத்துலருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, அதைச் சுத்தின ஆழமில்லாத கடல், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். 35(1)ங்கிறது "இந்த இடத்தைப் பூங்காவாக்க உத்தேசிச்சிருக்கோம்"னு சொல்ற அறிவிக்கை. கலெக்டர் விசாரணை நடத்தி, யாருக்கு என்ன உரிமைன்னு கேட்டு முடிச்ச பிறகு போட வேண்டியது 35(4). கல்யாணத்துல நிச்சயதார்த்தம், தாலிகட்டுன்னு ரெண்டு இருக்கில்ல, அது மாதிரி.

இன்னொண்ணு. 560ஐயும் 10,500ஐயும் குழப்பிக்காதீங்க. 10,500 சதுர கிலோமீட்டர்ங்கிறது 1989ல அறிவிச்ச உயிர்க்கோளக் காப்பகம், கன்னியாகுமரி வரைக்கும் போகும். அதுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது, அதுக்குள்ள மீன் பிடிச்சா பூங்காச் சட்டம் பாயாது. பூங்காக் கேஸ் போடுறது எல்லாம் உள்வட்டமான 560க்குள்ளதான்.

#4 சென்னை வண்டி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க போன வருஷம் குந்துகால்ல டிக்கெட் எடுத்து குருசடைத் தீவுக்கு போட்டுல போனோம். லைஃப் ஜாக்கெட் எல்லாம் குடுத்தாங்க. தீவுல இறங்கி நடந்தோம். அதுவும் இதே பார்க்தானா?

#5 பாசிக்காரி மகள்

அதே பார்க்தான் சார். நீங்க இறங்கி நடந்தீங்க. எங்க ஆளுங்க இறங்காமலே குத்தவாளி.

#6 கோர்ட்டு வாசல்

கோபம் நியாயம்தான், ஆனா அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. பிரிவு 28ல எதுக்கெல்லாம் உள்ள போக அனுமதிச் சீட்டு குடுக்கலாம்னு போட்டிருக்கு: ஆராய்ச்சி, போட்டோ, சுற்றுலா, உள்ள குடியிருக்கிறவரோட சட்டப்படியான வியாபாரம். பொழைப்புன்னு ஒரு வார்த்தை அந்த வரிசையில இல்ல. பாசி வெறும் செடிதானேன்னும் தப்பிக்க முடியாது. நீர்த் தாவரமும் "வனவுயிர்"தான்னு சட்டத்தோட விளக்கத்துலயே எழுதியிருக்கு.

#7 தென்கடல் காக்கா

நான் கீழக்கரை. வாப்பா காலத்துலருந்து அப்பாத்தீவு, தலையாரி, வாழைத்தீவு எல்லாம் எங்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. எனக்கு ஒரே பயம்தான். எல்லையைத் திருத்துங்கன்னு மீனவன் மனு போட்டா, திருத்துவாங்க. மீனவனுக்காகத் திருத்துவாங்களான்னுதான் கேள்வி. கதவை நாம தட்டுவோம், உள்ள வேற ஆள் நுழைவான்.

கிரேட் நிகோபார்ல என்ன நடந்துச்சு? கலாத்தியா விரிகுடா, தோல்முதுகு ஆமை முட்டையிடுற கரை, சரணாலயமா இருந்த இடம். 2021 ஜனவரியில தேசிய வனவுயிர் வாரியத்தோட நிலைக்குழு உக்காந்து அந்த அறிவிப்பையே நீக்கச் சம்மதிச்சுச்சு. துறைமுகத்துக்காக. நம்ம கடல்லயே 2005ல சேது கால்வாய்னு தோண்ட ஆரம்பிச்சது யாருக்கும் மறந்திருக்காது. பூங்கான்னு ஒரு பேர் இருக்கிறதால சில பேர் கொஞ்சம் யோசிக்கிறான். அந்தப் பேரை நம்ம கையால கிழிக்கணுமா?

#8 வாடைக்காத்து

காக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு சேர்க்கிறேன். கோடு ஏன் வந்துச்சுன்னு இந்த இழையில இதுவரைக்கும் யாரும் பேசல.

எழுபது எண்பதுகள்ல வள்ளம் வள்ளமா பவளப்பாறையை உடைச்சு ஏத்தினாங்க. சுண்ணாம்புக்கும் கார்பைடு ஆலைக்கும். கடப்பாறையோட போவாங்க, பார் (கடலடிப் பாறைத்திட்டு) மேல நின்னு நெம்புவாங்க. நான் சின்னப் பையனா இருக்கும்போது கரையில வெள்ளைக் குவியல் ஆள் உயரத்துக்குக் கெடக்கும், அதுமேல ஏறி விளையாடுவோம். அது உயிருள்ள பொருள்னு யாரும் சொல்லித் தரல. 2001ல பவளத்தைச் சட்டத்தோட மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில சேர்த்த பிறகுதான் அந்தத் தொழில் அடங்குச்சு. அதுக்குள்ள ரெண்டு தீவு போயிடுச்சு. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி. மேப்புல பேர் இருக்கு, மண்ணு தண்ணிக்கடியில.

அந்தக் கல்லை உடைச்சதும் நம்ம ஊர் ஆளுங்கதான். கூலிக்குத்தான் போனாங்க, வாங்கினவன் வேற, ஒத்துக்கறேன். இருந்தாலும் "மீனவன் கெடுக்க மாட்டான்"னு மொட்டையாச் சொல்லாதீங்க.

#9 ஓய்வு வாத்தியார்

முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். இருபத்தொரு தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 6.23 சதுர கிலோமீட்டர்தான் வரும். 560இல் அது நூற்றுக்கு ஒன்று. ஆக நாம் பூங்கா என்று சொல்வது கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர். அந்தத் தண்ணீரின் எல்லையைத் தீவை நடுவில் வைத்து, ஆழத்தைக் கொண்டு வரைந்திருக்கிறார்கள். இதில் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, தீவு நகர்கிறது, தேய்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் காரியச்சல்லித் தீவு 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்று மூன்று ஹெக்டேரைச் சுற்றித்தான் மிச்சம். வான் தீவு தேய்ந்து தேய்ந்து இரண்டாகப் பிளந்ததும், 2015க்குப் பிறகு அதைக் காப்பாற்றக் கடலடியில் கான்கிரீட் செயற்கைப் பார்களை இறக்கியதும் தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். மூழ்கிய தீவைச் சுற்றி மூன்றரைப் பாகத்தை எங்கிருந்து எண்ணுவது?

இரண்டாவது, ஆழம் என்பது சுவர் அல்ல. கடலடித் தரை 300 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் அரை மீட்டர் படிந்தாலோ அரித்தாலோ எல்லைக்கோடு 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், அந்த ஒரு மீட்டரே காலையில் ஒரு பூங்காவும் மாலையில் ஒரு பூங்காவும் தரப் போதும்.

தரைச் சரணாலயம் பற்றிய 18ஆம் பிரிவில் ஓர் அழகான விளக்கம் இருக்கிறது. சாலை, ஆறு, மலைமுகடு போல எவருக்கும் எளிதில் விளங்கும் எல்லைகளைக் கொண்டு இடத்தைக் குறிப்பிட்டால் போதுமாம். எளிதில் விளங்கும்! கடலில் எது மலைமுகடு?

#10 சங்குகுளி பேரன்

சார் சொல்றதுக்கு ஒரு சாட்சி. பலகையில 560னு எழுதியிருப்பாங்க. இந்திய வனவுயிர் நிறுவனத்தோட தேசியப் பூங்காப் பட்டியலை எடுத்துப் பாருங்க, 526.02. முப்பத்தி நாலு சதுர கிலோமீட்டரைக் கடல் முழுங்கிடுச்சு போல.

#11 பாசிக்காரி மகள்

எல்லாருடைய பதிலையும் பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். வாத்தியார் சொன்ன 150 மீட்டரைக் கேட்டுட்டு, "அது விசைப்படகுக்காரன் கவலை, நம்ம கவலை இல்ல"ன்னு சொன்னாங்க. ஏன்னு கேட்டேன்.

"பாசி எங்க முளைக்கும்? வெயில் தரை வரைக்கும் இறங்குற எடத்துல. கல்லு இருக்கணும், வெளிச்சம் இருக்கணும். நான் முங்குறது ஒரு ஆள் ஆழம், மிஞ்சினா ரெண்டு ஆள். மூணரை பாகத்துல எனக்கு என்ன இருக்கு?"

அப்பத்தான் எனக்கு உறைச்சது. பவளத்துக்கும் வெளிச்சம் வேணும், பாசிக்கும் வெளிச்சம் வேணும். ஆழத்தை வச்சு கோடு போட்டாங்கன்னா வெளிச்சத்தை வச்சுத்தான் போட்டாங்க. அந்தக் கோட்டை 150 மீட்டர் உள்ள தள்ளினாலும் வெளிய தள்ளினாலும் எங்க பொம்பளைங்க நிக்கிற எடம் நட்டநடுவுலதான் இருக்கும். ஓரத்தை வெட்டினா ஓரத்துல தொழில் செய்யறவனுக்குத்தான் லாபம்.

அப்ப நாங்க "எல்லையைத் திருத்து"ன்னு கேக்கிறதே தப்பான கேள்வியா?

#12 கோர்ட்டு வாசல்

தப்பான கேள்வி இல்ல. பாதிக் கேள்வி. மீதியை நான் சொல்றேன். கொஞ்சம் நீளும், டீ போட்டுக்கிட்டு வாங்க.

உள்ள இருந்துகிட்டே உரிமை வாங்கலாமேன்னு தோணும். சரணாலயமா இருந்தா வாங்கலாம். பிரிவு 24(2)(இ)ன்னு ஒண்ணு இருக்கு (இங்கிலீஷ்ல சி). அதன்படி கலெக்டர், தலைமை வனவுயிர்க் காப்பாளரைக் கலந்து, ஒருத்தருடைய உரிமை சரணாலயத்துக்குள்ள தொடரலாம்னு விடலாம். தேசியப் பூங்காவுக்கு வரும்போது 35(3) என்ன சொல்லுதுன்னா, 19லருந்து 26-அ வரைக்கும் எல்லாம் பொருந்தும், அந்த (இ)யைத் தவிர. ஒரே ஒரு எழுத்தைக் கழிச்சிருக்காங்க. அந்த எழுத்துலதான் பெரியம்மாவோட பொழைப்பு இருக்கு. பூங்காவுல உரிமை ஒண்ணு ஏத்துக்கிட்டாங்கன்னா ரெண்டு வழிதான்: அந்த எடத்தைப் பூங்காவுலருந்து கழிச்சுடறது, இல்ல உரிமையைக் காசு குடுத்து எடுத்துக்கிறது.

அதனால எல்லைங்கிறது வேண்டாத பேச்சு இல்ல. ஓரத்தை நகர்த்துற எல்லை இல்ல, உள்ள ஓட்டை விடுற எல்லை. இன்ன தீவுக்கு இன்ன பக்கம், கரையைப் பார்த்த இவ்வளவு தண்ணி பூங்காவுல சேராதுன்னு. இமாச்சலத்துல கிரேட் ஹிமாலயன் பூங்காவுக்கு 1984ல உத்தேச அறிவிப்பு, 1999ல இறுதி அறிவிப்பு. அந்த இடைவெளியில எல்லையில கழிச்சது, சேர்த்தது எல்லாம் நடந்துச்சு. ஆனா கழிச்சதுல ஒரு துண்டு பார்வதி நீர்மின் திட்டத்துக்குப் போச்சு. காக்காவோட பயம் வெறும் பயம் இல்ல.

இப்ப யார் திருத்தலாம்னு பார்ப்போம். முன்னாடி 35(5)ல சட்டமன்றத் தீர்மானம் வேணும்னு இருந்துச்சு. நம்ம எம்எல்ஏ எழுந்து பேச ஒரு வாய்ப்பாவது இருந்துச்சு. 2002 திருத்தம் அதை எடுத்துட்டு, தேசிய வனவுயிர் வாரியத்தோட பரிந்துரைன்னு வச்சிடுச்சு. பேச்சு சென்னையிலருந்து டெல்லிக்குப் போயிடுச்சு. அதுக்கு முன்னாடியே, 2000 நவம்பர் 13ல, சரணாலயம், தேசியப் பூங்கா எதையும் கோர்ட்டு உத்தரவில்லாம விடுவிக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆக மாநில அரசு, வாரியம், கோர்ட்டுன்னு மூணு வாசல் தாண்டணும்.

சும்மா ஒரு தகவல்: பூங்கா எல்லையை மாத்துறதே அந்தச் சட்டத்துல 51ஆம் பிரிவுல தண்டனைக்குரிய குத்தம், குறைஞ்சது மூணு வருஷம். வேலிக்கல்லை நகர்த்துறவனுக்காக எழுதினது. கடல் எல்லையைத் தினமும் நகர்த்துற அலை மேல யாரும் இன்னும் எஃப்ஐஆர் போடல.

#13 தென்கடல் காக்கா

வக்கீலே, இவ்வளவு எழுதினீங்க, 1986ல எங்களை யாராவது கேட்டாங்களா? அதுக்கு ஒரு பிரிவு சொல்லுங்க.

#14 கோர்ட்டு வாசல்

சொல்றேன். கடல் எல்லையைச் சரணாலயத்துலயோ பூங்காவுலயோ சேர்க்கணும்னா மத்திய அரசு சம்மதம் வேணும், கடற்படையோட தலைமை நீர்ப்பரப்பு அளவையாளரைக் கலக்கணும், உள்ளூர் மீனவருடைய தொழில் நலனைக் காக்கப் போதுமான ஏற்பாடு செய்யணும். இது மூணும் 26-அ பிரிவுல இருக்கு. நல்லா எழுதியிருக்காங்க. ஆனா அந்தப் பிரிவு சட்டத்துக்குள்ள வந்தது 1991 திருத்தத்துல. நம்ம பூங்கா 1986. புள்ளை பிறந்து அஞ்சு வருஷம் கழிச்சு பெயர் வைக்க மாமனைக் கூப்பிட்ட கதை.

இதையே மனுவுல முதல் பத்தியா எழுதணும்னு என் கட்சி. 1986ல போட்ட வட்டத்துல மீனவர் தொழில் நலன்ங்கிற சொல்லே கிடையாது. இன்னைக்கு யார் எந்தக் காரணத்துக்காகக் கோட்டைத் தொட்டாலும், அந்தச் சொல்லைத் தாண்டித்தான் தொட முடியும்.

#15 வாடைக்காத்து

எல்லாம் சரி. ஓட்டை விட்டுட்டா அதுக்குள்ள யார் வருவாங்கன்னு ஒரு வார்த்தை. பாசி எடுக்கிற பொம்பளைக்கு விட்ட ஓட்டையில அட்டை பிடிக்கிறவன் வருவான். கடல் அட்டையை 2001ல முதல் அட்டவணையில சேர்த்தாங்க, இன்னும் ராத்திரியில கடத்துறான். 2010, 2016, 2024ன்னு மூணு தடவை தண்ணி கொதிச்சு பவளம் வெளுத்துச்சு. அதுக்கு நாம யாரும் காரணமில்ல, ஆனா அடிபட்ட உடம்பு மேல இன்னொரு கால் வைக்கணுமா?

இன்னொரு விஷயம். சாகுபடி பண்றோம்னு வெளிநாட்டுப் பாசியைக் கட்டினாங்களே, பெப்சி பாசின்னு நம்ம ஆளுங்க பேர் வச்சது, கப்பாபைகஸ். 2008ல அது குருசடைப் பக்கம் பவளத்து மேலயே படர்ந்து மூடினதை நேர்ல பார்த்தவங்க இருக்காங்க. நல்ல எண்ணத்துல திறந்த கதவுதான் அதுவும்.

#16 பாசிக்காரி மகள்

வாடைக்காத்து அண்ணே, கோபப்படாம எழுதணும்னு ரெண்டு நாள் கழிச்சு எழுதறேன்.

பெப்சி பாசியைக் கொண்டு வந்தது எங்க பெரியம்மா இல்ல. எங்க பொம்பளைங்க எடுக்கிறது இந்தக் கடல்லயே முளைச்ச பாசி. அதுக்கும் அவங்களே கட்டுப்பாடு வச்சிருக்காங்க. மாசத்துல 12 நாள்தான். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. சித்திரை பொறந்து விசைப்படகுக்குத் தடை இருக்கிற காலத்துல பாசிக்கும் கை வைக்கிறதில்ல, வளரட்டும்னு. இரும்புத் தகடு கொண்டு சுரண்டக் கூடாது, கையாலதான் பிய்க்கணும், அடிவேர் கல்லோட இருக்கணும். இதை எந்த அரசாணையும் சொல்லல. சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015ல, தீவுகளோட இயற்கையைக் காக்கிறவங்களுக்குக் குடுக்கிற சீகாலஜி விருது கிடைச்சதே, எதுக்குன்னு நெனைக்கிறீங்க? இந்தக் கட்டுப்பாட்டையும் உரிமையையும் ஒண்ணா நிறுத்திப் பேசினதுக்குத்தான்.

அட்டைக்காரன் வர்றதைப் பத்திச் சொன்னீங்க. ராத்திரி வர்றவனுக்கு எல்லை இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். பகல்ல அங்க நாப்பது பொம்பளைங்க நின்னா அவனைப் பார்க்க எண்பது கண்ணு இருக்கும். இப்ப அவங்களைப் பார்த்தாலும் எங்க பெரியம்மா வாயைத் திறக்க முடியாது. "நீ எப்படி அங்க போன"ன்னு முதல் கேள்வி வரும்.

#17 வாடைக்காத்து

எண்பது கண்ணு. சரி. அதை நான் யோசிக்கல.

ஆனா 12 நாள் கட்டுப்பாட்டை எல்லா ஊரும் பிடிக்கிறதில்ல, அதையும் நீங்க ஒத்துக்கணும்.

#18 பாசிக்காரி மகள்

ஒத்துக்கறேன். எங்க ஊர்லயே ரெண்டு வீடு பிடிக்கிறதில்ல. பேர் சொன்னா நாளைக்கு எங்க வீட்டுக்குத் தண்ணி வராது.

#19 மட்டுறுத்துநர்

நடுவில் ஒரு நண்பர் எந்தச் சாதி எந்தத் தொழிலுக்குப் போனது என்று தொடங்கிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கடலைப் பற்றிப் பேசுங்கள்.

#20 ஓய்வு வாத்தியார்

வழக்கறிஞர் நண்பரிடம் ஒரு கேள்வி. சரணாலயம், தேசியப் பூங்கா என்ற இரண்டுக்கும் வெளியே வேறு வகைகள் இருக்கின்றனவே? 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்காக (கடல்பசு) 448.34 சதுர கிலோமீட்டரை அறிவித்தபோது, பூங்கா என்று சொல்லாமல் "பாதுகாப்புக் காப்பகம்" என்று அறிவித்தார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில். அங்கே மீனவர் தாழைக்காட்டின் (கடற்புல் படுகையின்) மேல் வலை விரிக்கத்தான் செய்கிறார்கள். 36 வருடங்களில் அரசே பாடம் கற்றிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வடகடலுக்கு ஒரு நியாயம், தென்கடலுக்கு ஒரு நியாயமா?

#21 கோர்ட்டு வாசல்

36-அ, 36-ஆ பிரிவு. உள்ளூர் ஆளுங்களைக் கலந்து அறிவிக்கணும், ஊராட்சிப் பிரதிநிதி குழுவுல உக்காரணும். எனக்கும் அது பிடிச்ச பிரிவு. ஆனா பூங்காவா இருக்கிறதைக் காப்பகமா இறக்குறது திரும்பவும் அதே மூணு வாசல். சொல்றது சுலபம்.

திருத்தம் எதுவும் இல்லாம ஒரு நாலாவது வாசல் இருக்கு. 2006 வன உரிமைச் சட்டம். அதுல "வன நிலம்"ங்கிற சொல்லுக்குள்ள தேசியப் பூங்காவும் அடங்கும்னு விளக்கத்துலயே இருக்கு. 3(1)(ஈ)ல சமூக உரிமைகள் வரிசையில "மீனும் மற்ற நீர்நிலைப் பொருள்களும்"னு வெளிப்படையா வருது. பாசி நீர்நிலைப் பொருள் இல்லன்னு எந்த அதிகாரி சொல்வார்? கடல் வன நிலமான்னு எதிர்த்தரப்பு கேக்கும். நான் திருப்பிக் கேப்பேன்: பூங்கான்னு சொல்லிப் பெரியம்மாவை விரட்டும்போது அது வனம், உரிமை கேக்கும்போது மட்டும் தண்ணியா?

தேவை என்னன்னா, பட்டியல் பழங்குடி இல்லாதவங்கன்னா மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்க குடியிருந்து அந்த எடத்தை நம்பிப் பொழைச்சதுக்குச் சாட்சி. பழைய ரசீது, வியாபாரி கணக்கு நோட்டு, அரசு குடுத்த அடையாள அட்டை, வயசானவங்க வாக்குமூலம். மனு போக வேண்டிய எடம் கிராம சபை. டெல்லி இல்ல.

#22 தென்கடல் காக்கா

இது எனக்குச் சரின்னு படுது. கோட்டை அவன் வச்சிக்கட்டும். கோட்டுக்குள்ள எங்க உம்மா நின்ன எடம் எதுன்னு நாம எழுதி வைப்போம்.

#23 சங்குகுளி பேரன்

எழுதி வைக்கிறதுன்னா எப்படி எழுதுவீங்க? "மனோலித் தீவுக்கு வடக்க"ன்னு எழுதினா நாளைக்கு எந்த மனோலி, எவ்வளவு வடக்கன்னு கேப்பான். என் ஃபைபர் படகுல ஜிபிஎஸ் இருக்கு, ஈயக்குண்டு கட்டின நூல் இருக்கு. ஞாயித்துக்கிழமை காத்து அடங்கியிருந்தா பெரியம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, தீவுகிட்ட போக வேண்டாம், ஓரத்துல நின்னு அளப்போம். டீசல் நான் போட்டுக்கறேன்.

#24 பாசிக்காரி மகள்

போயிட்டு வந்தோம். முதல்ல ஒரு திருத்தம்: டீசல் பாதிதான் அவர் போட்டார்.

கரைப் பக்கத்துலருந்து தீவைப் பார்த்து மெதுவா ஓட்டினோம். நூலை விட்டு விட்டு எடுத்தார். நாலே கால் பாகம், நாலு, நாலு, திரும்பவும் நாலேகால், மூணே முக்கால். மூணரை வந்த எடத்துல ஜிபிஎஸ்ல ஒரு புள்ளி போட்டோம். கொஞ்ச தூரம் தாண்டி இன்னொரு எடத்துலயும் மூணரை வந்துச்சு. நடுவுல ஒரு மணல் திட்டு, அதுக்கு அப்பால திரும்பவும் பள்ளம். ஒரே நேர்கோட்டுல மூணு தடவை பூங்கா வந்து போச்சு. வாத்தியார் சாருக்கு இந்தக் கணக்கை அனுப்பறேன்.

மூணரை பாகத்துல நின்னப்ப பெரியம்மா கண்ணாடி மாட்டி எட்டிப் பார்த்தாங்க. அடியில வெறும் மணல், அங்கங்க தாழை. "இங்க எனக்கு என்ன வேலை? வண்டியைத் திருப்பு"ன்னாங்க. அப்புறம் அவங்களே தீவைப் பார்த்துக் கையை நீட்டி ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சாங்க. அந்த வெள்ளை மணல் மூக்குக்கு நேர மரிக்கொழுந்துக் கல்லு, அம்மாச்சி எடுத்த எடம். அதுக்குக் கிழக்க கஞ்சிப்பாசி, மழைக்கு அப்புறம்தான் வரும். ரெண்டு மரம் ஒண்ணாத் தெரியற நேர்ல ஒரு பார், அதுல கை வைக்கக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற எடம், எங்க யாருமே எடுக்கிறதில்ல. நான் போன்ல பேசினதைப் பதிவு பண்ணிக்கிட்டேன். நாப்பது நிமிஷம் இருக்கு. பாதி காத்துச் சத்தம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. பதிவுல சொன்ன பதினொரு எடத்தையும் பேரோட எழுதிட்டேன். கோர்ட்டு வாசல் அண்ணே, அந்தக் கை வைக்காத பாரையும் மனுவுல சேர்க்கணுமா? சேர்க்கணும்னு நான் சொல்றேன். அதைச் சேர்த்தா அந்த எடம் போயிடும்னு சித்தி சொல்றாங்க. பெரியம்மா வாயே திறக்கல.

#25 கோர்ட்டு வாசல்

சேருங்க. அதை முதல்ல எழுதுங்க.